அந்தச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறதா?

கல்விச் சட்டம் வேண்டும் என்று எங்கள் நூலகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு புத்தகத்தை மனதில் வைத்துக்கொண்டு வருவார்கள். எல்லாச் சட்டமும் அடங்கிய தடித்த புத்தகம், தமிழில் இருந்தால் ரொம்ப நல்லது, வேண்டிய பக்கத்தை ஜெராக்ஸ் போட்டுக்கொண்டு நாலு மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம். அப்படி ஒரு புத்தகம் இல்லை. யாராவது அச்சடித்தாலும் ஆறு மாதத்தில் பழசாகிவிடும்.

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்வியியல் கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். பி.எட்., எம்.எட். பிள்ளைகளோடு, செக்கானூரணி, உசிலம்பட்டி, சோழவந்தான் பக்கத்துப் பள்ளிகளில் வேலை பார்க்கும் பழைய மாணவர்களும் வருவார்கள். அவர்கள் கேட்கிற கேள்விகள் தேர்வுக்கானவை இல்லை. ஒரு குழந்தையின் சேர்க்கையோ, ஒரு ஆசிரியரின் வேலையோ அதில் மாட்டிக்கொண்டிருக்கும். அதனால் இந்தத் தேடலைச் சரியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

முதல் சிக்கல் அலமாரியிலேயே தொடங்கிவிடுகிறது. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி எண் முறையில் கல்விச் சட்டம் 344.07-ல், சட்டப் புத்தகங்களோடு உட்கார்ந்திருக்கும். கல்விக் கொள்கை 379-ல், கல்வியியல் ரேக்கில் இருக்கும். அரசிதழும் ஆணையங்களின் அறிக்கைகளும் ரெஃபரன்ஸ் பக்கம். எம்.எட். மாணவர் 370 வரிசையை மட்டும் பார்த்துவிட்டு "ஒண்ணுமே இல்ல மேடம்" என்பார். மூன்று இடத்துக்கும் நடக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சட்டமும் ஒரே இடத்தில் பிறப்பதில்லை. 1976-ல் 42ஆவது திருத்தத்தின் மூலம் கல்வி மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குப் போனது. அன்றிலிருந்து டெல்லியும் சட்டம் போடும், சென்னையும் போடும். இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009 நாடாளுமன்றம் போட்டது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்த ஒரே சட்டத்துக்கு மத்திய அரசின் விதிகள் 2010-ல் தனியாக, தமிழ்நாட்டின் விதிகள் 2011-ல் தனியாக வந்தன. இதைப் பிரித்துப் பார்க்காததால் எத்தனை குழப்பம்! 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் விதிகளைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் தேறாதவர்களை மறுதேர்வுக்குப் பிறகும் அதே வகுப்பில் நிறுத்தலாம் என்றபோது, எங்களுக்குத் தெரிந்த ஆசிரியர்கள் பலர் தங்கள் பள்ளிக்கும் அது வந்துவிட்டது என்றே நினைத்தார்கள். எட்டாம் வகுப்பு வரை தேர்ச்சி என்பதே தொடரும் என்று தமிழ்நாடு அரசு அப்போதே சொல்லியிருந்தது. கேந்திரிய வித்யாலயாவுக்கு ஒரு விதி, அடுத்த தெரு அரசுப் பள்ளிக்கு வேறு விதி. 2019-ல் அந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு திருத்தப்பட்டபோது முடிவை அந்தந்த அரசிடம் விட்டதுதான் இதற்குக் காரணம்.

ஆக, எந்தச் சட்டத்தை எடுத்தாலும் முதல் கேள்வி: இது இன்னும் உயிரோடு இருக்கிறதா?

இதற்கு நல்ல உதாரணம் தமிழ்நாடு தனியார் பள்ளிகள் சட்டம். 1973ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான் கைடுகள் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தன. பெயரில் 1973 என்று இருந்தாலும் அது 1974ஆம் ஆண்டின் 29ஆம் சட்டம். பெயரிலுள்ள வருடத்தை வைத்து எண் வரிசையில் தேடினால் அகப்படாது. அதன் இடத்துக்கு 2018ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது, அதற்கான விதிகள் 2023-ல் வந்தன. மெட்ரிக் பள்ளிக்கு ஒரு விதித் தொகுப்பு, ஆங்கிலோ இந்தியன் பள்ளிக்கு ஒரு விதித் தொகுப்பு என்று இருந்த நிலைமையே மாறிவிட்டது. பழைய கைடை மட்டும் படித்துவிட்டுப் பள்ளி அங்கீகாரம் பற்றி ஆய்வேடு எழுதினால் அஸ்திவாரமே இல்லாமல் போகும். பழைய புத்தகத்தைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. பழைய தீர்ப்புகளைப் படிக்க அது வேண்டும். சட்டத்தின் இன்றைய வாசகத்துக்கு மட்டும் மத்திய அரசின் 'இந்தியா கோட்' இணையதளத்துக்குப் போங்கள். காசு கிடையாது. மத்திய, மாநிலச் சட்டங்கள் இரண்டும் இருக்கும். திருத்தம் எப்போது வந்தது என்பதை அடிக்குறிப்பில் பாருங்கள். அப்புறம் அரசிதழோடு ஒரு முறை ஒப்பிடுங்கள்.

உசிலம்பட்டிப் பக்கத்து நடுநிலைப் பள்ளி ஆசிரியை ஒருவர், எங்களிடம் பி.எட். படித்தவர், ஒரு சனிக்கிழமை வந்தார். திருப்பூரில் வேலை பார்த்த ஒரு குடும்பம் ஊருக்குத் திரும்பிவிட்டது. ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளை. அங்கே படித்த தனியார் பள்ளி, கட்டண பாக்கி என்று டி.சி. கொடுக்க மறுத்துவிட்டது. பிள்ளை மூன்று வாரமாக வீட்டில்.

"டி.சி. இல்லாம சேர்க்கலாம்னு ஏதாவது ஜி.ஓ. இருக்கா மேடம்? இருந்தா ஹெச்.எம். சார் ஒத்துக்குவார்" என்றார்.

ஜி.ஓ. (அரசாணை) எதற்கு, சட்டத்திலேயே இருக்கிறது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவை எடுத்துக் காட்டினேன். பள்ளி மாற நேரும் குழந்தைக்குத் தலைமையாசிரியர் உடனே மாற்றுச் சான்றிதழ் தர வேண்டும். சான்றிதழ் வரத் தாமதமானால், அதைக் காரணமாகச் சொல்லி அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ சேர்க்கையைத் தள்ளிப்போடவும் கூடாது, மறுக்கவும் கூடாது. தாமதம் செய்கிற தலைமையாசிரியர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. வயதுச் சான்று இல்லை என்று மறுக்கக் கூடாது என்பது 14ஆம் பிரிவு. கூடவே, 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு சொன்ன தீர்ப்பையும் தேடி எடுத்தோம். கட்டண பாக்கியை வசூலிக்கும் கருவி இல்லை டி.சி., அதில் பாக்கி விவரம் எழுதக் கூடாது என்று அதில் தெளிவாக இருந்தது. எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனார். திங்கட்கிழமை பிள்ளையைச் சேர்த்துவிட்டதாகப் போன் வந்தது.

நம் ஆசிரியர்களுக்கு ஜி.ஓ. மீது இருக்கும் நம்பிக்கை சட்டத்தின் மீது இருப்பதில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பி.இ.ஓ. (வட்டாரக் கல்வி அலுவலர்) அலுவலகத்திலிருந்து அவர்கள் கைக்கு வருவது செயல்முறைகள் என்ற அதிகாரிகளின் உத்தரவுகளும் அரசாணைகளும்தானே. ஆனால் வரிசை தெரிந்திருக்க வேண்டும். அரசியலமைப்பு, அதன் கீழ் சட்டம், அதன் கீழ் விதி, அதற்கும் கீழேதான் அரசாணை, இயக்குநரின் செயல்முறைகள் எல்லாம். கீழே இருப்பது மேலே இருப்பதை மீற முடியாது. அப்புறம், அரசாணை தேடி வருகிறவர்கள் எண்ணை மட்டும் சொன்னால் போதாது. ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு வருடமும் ஒன்றிலிருந்து எண் போடும். துறை, வகை (எண்ணுக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் 'நிலை' என்று இருக்கிறதா, 'டி' என்று இருக்கிறதா), எண், தேதி நான்கும் வேண்டும். வாட்ஸாப்பில் வந்த பாதிப் பக்கப் படத்தில் பெரும்பாலும் தேதிதான் வெட்டுப்பட்டிருக்கும்.

தீர்ப்புகளுக்கு வருவோம். மதுரையில் சிறுபான்மையினர் நடத்தும் உதவி பெறும் பள்ளிகள் நிறைய, அதில் வேலை பார்ப்பவர்களும் நிறைய. கல்வி உரிமைச் சட்டம் தங்கள் பள்ளிக்குப் பொருந்துமா என்று அவர்கள் கேட்டால், பதில் எந்த வருடத்துத் தீர்ப்பைப் பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2012-ல் உச்ச நீதிமன்றம், உதவி பெறாத சிறுபான்மைப் பள்ளிக்குப் பொருந்தாது, உதவி பெறுவதற்குப் பொருந்தும் என்றது. 2014 மே மாதம் பிரமதி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, இரண்டுக்குமே பொருந்தாது என்றது. 2025 செப்டம்பர் 1-ல் இரு நீதிபதிகள் அமர்வு, பிரமதி சரிதானா என்று ஐயம் எழுப்பி, பெரிய அமர்வு பார்க்க வேண்டும் என்று தலைமை நீதிபதிக்கு அனுப்பியது. அதே தீர்ப்பில்தான், பணியில் இருக்கும் ஆசிரியர்களில் ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு வருடத்துக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் (டெட்) தேற வேண்டும் என்ற பகுதியும் இருக்கிறது. அந்த வாரம் நூலகத்துக்கு வந்தவர்களின் முகத்தை மறக்க முடியாது. இருபது வருட சர்வீஸ் உள்ளவர்கள், செய்தித் துணுக்கை வைத்துக்கொண்டு கலங்கிப்போயிருந்தார்கள். முழுத் தீர்ப்பையும் திறந்து, யாருக்குப் பொருந்தும், ஐந்து வருடத்துக்குள் ஓய்வு பெறுகிறவர்களுக்கு என்ன, பதவி உயர்வுக்கு என்ன, சிறுபான்மைப் பள்ளிக்கு என்ன என்று பத்தி பத்தியாகப் படித்தோம். பயம் முழுக்கப் போகவில்லை. ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்பது தெளிவானது.

தீர்ப்பைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. (2014) 8 எஸ்.சி.சி. 1 என்றால் வருடம், தொகுதி, தீர்ப்புத் தொகுப்பின் பெயர், பக்கம், அவ்வளவுதான். எங்களுடையது போன்ற கல்லூரிகளில் எஸ்.சி.சி. ஆன்லைன், மனுபத்ரா போன்ற கட்டணச் சட்டத் தளங்களுக்குச் சந்தா இருப்பது அபூர்வம். சட்டத் துறை உள்ள நூலகத்துக்குத் துறைத் தலைவரின் கடிதத்தோடு போய் அனுமதி கேளுங்கள். இல்லாவிட்டாலும் உச்ச நீதிமன்றத்தின் இணையத் தீர்ப்புத் தொகுப்பான இ-எஸ்.சி.ஆர். 2023 முதல் இலவசமாகவே இருக்கிறது. இந்தியன் கானூன் என்ற தீர்ப்புத் தேடல் தளத்தில் ஒரு தீர்ப்பைத் திறந்தால், அதைப் பின்னால் எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்துப் பேசியிருக்கின்றன என்ற பட்டியல் வரும். அதைப் பார்க்காமல் எந்தத் தீர்ப்பையும் ஆய்வேட்டில் எழுதாதீர்கள் என்று நான் கையைப் பிடித்துச் சொல்வேன். ஒத்தக்கடையில் இருக்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் போட்ட ரிட் மனுவென்றால் எண்ணில் 'எம்.டி.' என்று அடைப்புக்குறிக்குள் இருக்கும். அதை விட்டுவிட்டுத் தேடினால் சென்னையில் போட்ட வேறு ஒரு வழக்கு வந்து நிற்கும். இடைக்கால உத்தரவா, இறுதித் தீர்ப்பா, அதன் மேல் மேல்முறையீடு உண்டா என்பதையும் பாருங்கள்.

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் காமராசர் பல்கலைக்கழக ஆய்வேடுகள் உட்பட ஏராளமாக இருக்கின்றன. அடிக்குறிப்புகளைப் பின்பற்றிப் போக நல்ல வழி. ஆனால் அங்கே இருக்கும் சட்டம், ஆய்வேடு சமர்ப்பித்த நாளின் சட்டம்.

எங்களிடம் வருகிற பிள்ளைகளை இப்போது ஒரு பழக்கத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன். எந்தச் சட்டத்தையோ தீர்ப்பையோ குறிப்பெடுத்தாலும், பக்கத்தின் ஓரத்தில் அதை எந்தத் தேதியில் பார்த்தோம் என்று எழுத வேண்டும். வைவாவுக்கு (ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வு) ஒரு வாரம் முன்னால் அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு மறுபடி வர வேண்டும். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.