ஒரு கையெழுத்தில் தப்பிய கிராண்ட் கேன்யன்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து வில்லியம்ஸ் ஊரிலிருந்து காலையில் கிளம்பும் பழைய ரயில், மதியத்துக்குள் கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பில் இறக்கிவிட்டுவிடுகிறது. 1901இல் போட்ட பாதை. ரயிலடியிலிருந்து மேலேறினால் எல் டோவர் ஹோட்டல். அதைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் தரை முடிந்துவிடுகிறது. எதிரே சிவப்பும் மஞ்சளும் சாம்பலுமாக அடுக்கடுக்கான பாறைகள். அடியில் எங்கோ கொலராடோ ஆறு.

பார்க்கத் திகட்டாத இடம்தான். ஆனால் என்னை இங்கே இழுத்து வந்தவர் முன்னாள் அமெரிக்க அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட். 1903 மே 6 அன்று அவர் இங்கே வந்து பேசினார். "இதை அப்படியே விட்டுவிடுங்கள், உங்களால் இதை மேம்படுத்த முடியாது" என்றார். விளிம்பில் ஹோட்டல்கூட வேண்டாம் என்றார். இரண்டே ஆண்டில் எல் டோவர் திறக்கப்பட்டது. அதிபராகவே இருந்தாலும் வெறும் பேச்சுக்கு அவ்வளவுதான் மதிப்பு.

பேச்சு ஏன் போதாது என்பது பிரைட் ஏஞ்சல் பாதையில் இறங்கும்போது புரிகிறது. கொண்டை ஊசி வளைவுகளாகச் சரிவில் இறங்கும் மண்பாதை. கோவேறு கழுதைகள் வரிசையாக வரும்போது நடப்பவர்கள் ஒதுங்கி அசையாமல் நிற்க வேண்டும். குளம்பு கிளப்பும் செம்புழுதி, சாணம், மூத்திர நெடி எல்லாம் முகத்தில் அடித்துவிட்டுப் போகும். ஒரு காலத்தில் இந்தப் பாதை ரால்ப் கேமரன் என்பவரின் கையில் இருந்தது. முக்கியமான இடங்களிலெல்லாம் சுரங்க உரிமை கோரி மனுப் போட்டு வைத்துக்கொண்டு, கழுதையில் இறங்குவோரிடம் தலைக்கு ஒரு டாலர் வசூலித்தார். 1893இலேயே இது காப்புக்காடாக அறிவிக்கப்பட்டிருந்தது. ஆனால் காப்புக்காட்டில் சுரங்கம் தோண்டத் தடையில்லை. இதைத் தேசியப் பூங்காவாக்கும் மசோதாக்கள் 1880களிலேயே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குப் போய், நிறைவேறாமல் கிடந்தன.

ரூஸ்வெல்ட்டின் கைக்கு 1906இல் ஒரு சட்டம் வந்தது: தொல்பொருள் பாதுகாப்புச் சட்டம். பழங்குடிகளின் இடிபாடுகளைத் திருடர்களிடமிருந்து காக்கத்தான் அது முக்கியமாகக் கொண்டுவரப்பட்டது. வரலாற்று, அறிவியல் முக்கியத்துவம் உள்ளவற்றை அதிபரே தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கலாம். ஆனால் பாதுகாப்புக்குத் தேவையான மிகக் குறைந்த நிலப்பரப்பையே எடுக்க வேண்டும் என்றது சட்டம். 1908 ஜனவரி 11 அன்று கிராண்ட் கேன்யனை நினைவுச்சின்னமாக அறிவித்து அவர் எடுத்தது 8 லட்சம் ஏக்கருக்கும் மேல்! கேமரன் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1920இல் தீர்ப்பு அவருக்கு எதிராகவே வந்தது.

இது ஒருமுறை நடந்த சங்கதி அல்ல. 1907இல், ஆறு மேற்கு மாநிலங்களில் அதிபர் புதிதாகக் காப்புக்காடு அறிவிக்கக் கூடாது என்று காங்கிரஸ் ஒரு நிதி மசோதாவில் சேர்த்து அனுப்பியது. கையெழுத்திட இருந்த சில நாள் அவகாசத்தில், வனத்துறைத் தலைவர் கிஃபர்ட் பிஞ்சோவை வைத்துக்கொண்டு 1 கோடியே 60 லட்சம் ஏக்கரைக் காடாக அறிவித்துவிட்டுத்தான் ரூஸ்வெல்ட் அந்த மசோதாவில் கையெழுத்திட்டார். அரசியலமைப்போ சட்டமோ தடுக்காத எதையும் மக்கள் நலனுக்காகச் செய்வது அதிபரின் உரிமை மட்டுமல்ல, கடமை என்று பிற்பாடு 1913இல் எழுதினார். அவரே கைகாட்டி அடுத்த அதிபராக்கிய டாஃப்ட் இதை ஏற்கவில்லை.

பாதையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தபோது அந்த விஷயத்தில் என் மனம் ரூஸ்வெல்ட் பக்கம்தான் நின்றது. ஆனாலும் பிரவுன்ஸ்வில் நினைவுக்கு வராமல் இல்லை. 1906இல் டெக்சாஸின் அந்த ஊரில் துப்பாக்கிச் சூடு நடந்து ஒருவர் இறந்தார். பழி அங்கே முகாமிட்டிருந்த கறுப்பினப் படைவீரர்கள் மேல் விழுந்தது. விசாரணை மன்றம் இல்லை, குற்றம் நிரூபிக்கப்படவும் இல்லை. 167 பேரை ரூஸ்வெல்ட் ஒரே ஆணையில் வெளியேற்றினார். ராணுவம் அதை ரத்து செய்தது 1972இல். அதற்குள் பெரும்பாலோர் இறந்துவிட்டார்கள். பள்ளத்தாக்கைக் காத்ததும் இவர்களின் வாழ்க்கையைக் கெடுத்ததும் ஒரே அதிகாரம்தான். முதலாவதைக் கொண்டாடும் எவரும் இரண்டாவதைப் பேசாமல் விடக் கூடாது.

இந்தப் பாதையின் பாதித் தூரத்தில், பருத்தி மரங்கள் சூழ்ந்த ஹவாசுபாய் தோட்டம் இருக்கிறது. ஹவாசுபாய் பழங்குடி மக்கள் அங்கே பயிர் செய்து வாழ்ந்தார்கள். அவர்களைப் பூங்கா நிர்வாகம் வெளியேற்றியது. இடத்துக்கு அவர்களின் பெயர் வந்ததே 2022இல்தான். பாதுகாப்பு யாருக்காக என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

ரூஸ்வெல்ட்டின் கையெழுத்து வாங்கித் தந்தது அவகாசம் என்றே நான் நினைக்கிறேன். அந்த 11 ஆண்டு அவகாசத்தில் நாட்டின் மனசு மாறியது. 1919இல் காங்கிரஸே கிராண்ட் கேன்யனைத் தேசியப் பூங்காவாக்கியது. இன்று இதை எந்த அதிபரும் ஒரு பேனாவால் மட்டும் மாற்றிவிட முடியாது. யூட்டா மாநிலத்தின் பேர்ஸ் இயர்ஸ் தேசிய நினைவுச்சின்னத்துக்கு அந்தக் காப்பு இல்லை: ஒபாமா 2016இல் அறிவித்ததை டிரம்ப் 2017இல் 85 சதவீதம் சுருக்கினார், பைடன் 2021இல் மீட்டார்.

திரும்பும்போது தெற்கே துசாயன் வழியாகக் காரில் வந்தோம். சாலையோரத்து பைன் காடும், வடக்கே வேறு நிலங்களுமாகச் சேர்த்து 9 லட்சம் ஏக்கருக்கு மேல் 2023இல் பைடன் நினைவுச்சின்னமாக அறிவித்தார். அங்கே புதிய யுரேனியச் சுரங்கங்கள் கூடாது. ஹவாசுபாய் உள்ளிட்ட பழங்குடிகள் பல ஆண்டுகளாகக் கேட்டது அது. இந்த முறை கோரிக்கை அவர்களிடமிருந்து வந்தது, பெயரும் அவர்களுடைய மொழிகளில். அதற்கும் 1919 போல ஒரு சட்டத்தைக் காங்கிரஸ் இயற்ற வேண்டும்.