கடல் விலகிப்போன கோட்டை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வளர்ந்த தமிழர்களான எங்களுக்கு, நம்மவர் இங்கே வந்த கதை 1860-இல்தான் தொடங்கும். நவம்பர் 16, கூலியாட்களை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து வந்து சேர்ந்த 'ட்ரூரோ' கப்பல். ஆயா சொன்னதும் அதுதான், கோயிலில் வருஷா வருஷம் சொல்வதும் அதுதான். போன மாதம் கேப் டவுன் கோட்டையைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து, அந்த வருஷத்தைத் தொடக்கம் என்று சொல்ல வாய் வரவில்லை.

1652-இல் டச்சுக் கம்பெனிக்காக வந்திறங்கிய தளபதி வான் ரீபெக் முதலில் கட்டியது மண்ணும் மரமுமான கோட்டை. அது மழைக்குத் தாங்கவில்லை. டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி 1666-இல் கல்லில் தொடங்கி, 1679-இல் முடித்தது. ஐந்து மூலை, மூலைக்கொரு கொத்தளம். சிப்பி சுட்ட சுண்ணாம்பில் எழுப்பிய சுவர் இன்றைக்கும் நிற்கிறது. முதல் வாசல் கடலைப் பார்த்து இருந்ததாம். அலை உள்ளேயே வந்ததால் 1680-களில் இடம் மாற்றினார்கள். இப்போது கொத்தளத்தில் ஏறினாலும் கடலைத் தேடத்தான் வேண்டும். கடலைத் தூர்த்த இடத்தில் சாலையும் கட்டடங்களும்.

வாசல் தலைப்பில் கம்பெனியின் ஆறு ஊர்ச் சின்னங்கள்: ஆம்ஸ்டர்டாம், மிடில்பர்க், டெல்ஃப்ட், ராட்டர்டாம், ஹோர்ன், எங்க்ஹவுசன். அண்ணாந்து பார்த்தபோது நெஞ்சில் தைத்தது அங்கே இல்லாத ஏழாவது ஊர், நாகப்பட்டினம். 1658-இல் போர்த்துகீசியரிடமிருந்து அதைப் பிடித்தது இதே கம்பெனி. பழவேற்காட்டில் அதற்கும் முன்பே கோட்டை வைத்திருந்தார்கள். அந்தக் கரையையும் இந்தக் கரையையும் ஒரே கம்பெனியின் கப்பல்கள் இணைத்திருந்தன. ஏறி வந்தது துணியும் மிளகும் மட்டுமல்ல.

கோட்டையிலிருந்து நடக்கிற தூரத்தில் அடிமை விடுதி. அதுவும் 1679-இல் கட்டியதுதான். 1811 வரை அடிமைகளை அடைத்து வைத்த இடம், இப்போது அருங்காட்சியகம். 1652 முதல் 1808 வரை கேப்புக்கு, அதாவது கேப் டவுனைச் சுற்றிய குடியேற்றப் பகுதிக்கு, கொண்டுவரப்பட்ட அடிமைகள் சுமார் 63,000 பேர் என்பது ஆய்வாளர்கள் கணக்கு. அதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இந்தியத் துணைக்கண்டத்தினர். வங்காளம், மலபார், கோரமண்டல்.

கோரமண்டல், நம்முடைய சோழமண்டலம்! ஒரு மனிதனுக்கு அவ்வளவுதான் முகவரி. எசமான் வைத்த பெயர், பின்னால் 'வான் கோரமண்டல்', டச்சில் 'கோரமண்டலிலிருந்து வந்தவன்'. அப்பன் பெயர் இல்லை, ஊர் இல்லை. சிலருக்கு மாதத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். செப்டம்பர், பிப்ரவரி என்கிற குடும்பப் பெயர்கள் கேப்பில் இன்றும் உண்டு.

என் பாட்டனின் பாட்டனாருக்கு ஒரு தாள் இருக்கிறது. கப்பல் பட்டியலின் நகல். நம்பர், தகப்பன் பெயர், கிராமம், தாலுகா, வயசு, முழங்காலில் தழும்பு என்றுகூட எழுதியிருக்கிறது. கூலியாக வந்தவர்தான், பட்ட கஷ்டத்துக்கு அளவில்லை. ஆனாலும் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு நான் ஊரைத் தேடிப் போக முடிந்தது. அடிமை விடுதிச் சுவரருகே நின்றபோது அந்தத் தாள் எவ்வளவு பெரிய சொத்து என்று புரிந்து அழுதுவிட்டேன்.

பக்கத்திலேயே சர்ச் ஸ்கொயர். 2008-இல் வைத்த பதினொரு கருங்கற்கள். அடிமைகளின் பெயர்கள் செதுக்கியிருக்கின்றன. ஒவ்வொன்றாக விரலால் தடவிப் படித்தேன்.

டர்பன் திரும்பியதும், நவம்பர் 16 பூசையில் ஒரு விளக்கு கூடுதலாக ஏற்ற வேண்டும் என்று குருக்களிடம் கேட்டேன். யார் பேருக்கு என்றார். பேர் தெரியாது சாமி, சோழமண்டலக் கரைக்காரர்கள் என்று சொல்லி ஏற்றுங்கள் என்றேன்.