ஒரு சிடி ஸ்கேனால் தள்ளிப்போன நடுக்கச் சிகிச்சை

கைநடுக்கத்துக்கு எம்ஆர்ஐ வழிகாட்டும் அல்ட்ராசவுண்ட் சிகிச்சை (ஒலி அலைகளைக் குவித்து மூளையில் ஒரு சிறு புள்ளியைச் சூடாக்கிக் கருக்கும் முறை) செய்துகொள்ளப் போகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது, அதற்கு முன் எடுக்கும் சிடி ஸ்கேனைத்தான். என் சிகிச்சை தள்ளிப்போனதற்கு அது ஒன்றே காரணம்.

மெல்லிய ஸ்லைஸ்களாக, எலும்பு தெளிவாகத் தெரியும் முறையில், இயந்திரத்தைச் சாய்க்காமல் எடுக்க வேண்டும் என்று மருத்துவமனைச் சீட்டில் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். ஸ்கேன் எடுத்த இடத்திலோ சீட்டைப் படிக்காமலேயே வழக்கமான தலை ஸ்கேனை எடுத்து, 5 மி.மீ. ஸ்லைஸ்களை மட்டும் வட்டில் பதிந்து கொடுத்துவிட்டார்கள். மருத்துவமனையில் அந்த வட்டைத் திறந்து பார்த்தவர், இதை வைத்துக் கணக்கிட முடியாது என்று கைவிரித்தார். திரும்பிப் போய்க் கேட்டதற்கு, மூலத் தரவு அழிந்துவிட்டது, மறுபடியும்தான் எடுக்க வேண்டும் என்றார்கள். தேவையே இல்லாமல் இரண்டாம் முறை கதிர்வீச்சை ஏற்க நேர்ந்ததை என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அந்தப் படம் வெறும் சம்பிரதாயம் அல்ல. மண்டையோட்டின் உள்ளிருக்கும் பஞ்சு போன்ற எலும்புக்கும் வெளிப்புறக் கெட்டி எலும்புக்கும் உள்ள அடர்த்தி விகிதத்தை அதிலிருந்துதான் கணக்கிடுகிறார்கள். விகிதம் 0.4-க்குக் கீழே போனால், சூடாக்க வேண்டிய மூளையின் ஆழ்பகுதியான தாலமஸில் போதிய வெப்பம் ஏறாமல் போகலாம் என்று பல மையங்கள் தயங்குகின்றன. தலைக்கவசத்திலுள்ள 1024 அலைமூலங்களும் எலும்பைக் கடந்து ஒரே புள்ளியில் சேர, ஒவ்வொன்றையும் திருத்தி அமைப்பதும் அதே படத்தை வைத்துத்தான்.

மழித்தல், மரத்துப்போகும் ஊசி, தலைச்சட்டம் எல்லாம் சிக்கலின்றி முடிந்தன. தலையைச் சுற்றி ஓடிய குளிர்ந்த நீர்தான் சிரமமாக இருந்தது. ஆனால் எலும்பும் தோலும் சூடாகாமல் காப்பது அதுவே. வெப்பத்தை எம்ஆர்ஐ நேரடியாக அளப்பதில்லை. நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்களின் அதிர்வெண் ஒரு டிகிரிக்குச் சுமார் பத்து கோடியில் ஒரு பங்கு இறங்குவதை, சூடாக்குவதற்கு முன் எடுத்த படத்தோடு ஒப்பிட்டுக் கணக்கிடுகிறது. இடையில் அசைந்தால் அந்த ஒப்பீடு குலைந்துவிடும். ஆகவே இருமல் வருவதாகத் தெரிந்தால், அடுத்த முறை ஒலி அலையைச் செலுத்தத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

முதலில் 50 டிகிரியை எட்டாத மிதமான சூட்டில்தான் சோதித்தார்கள். அப்போது என் விரல் நுனிகள் மதமதத்தன. உடனே சொன்னேன். சூடாகும் புள்ளி சற்றுப் பின்னால் இருக்கிறது என்று சொல்லி மருத்துவர் அதை முன்னால் நகர்த்தினார். அந்தச் சூட்டில் வரும் மதமதப்பு பெரும்பாலும் தானாக மறைந்துவிடும்; ஆனால் 55 டிகிரியைத் தாண்டி, திசு நிரந்தரமாகக் கருகிய பின் சொன்னால் திருத்த முடியாது. கூச்சப்படாமல் எல்லாவற்றையும் சொல்லுங்கள். கையில் தரும் நிறுத்தும் பொத்தானையும் தயங்காமல் பயன்படுத்துங்கள். நடுக்கம் குறைகிறதா என்று பார்க்க இடையில் சுருள் வரையச் சொன்னபோது, கோடுகள் ஒன்றோடொன்று மோதாமல் வரைந்து முடித்தேன்!

ஸ்கேன் மையத்தைவிட்டுக் கிளம்பும் முன், 1 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய ஸ்லைஸ்கள் வட்டில் இருக்கின்றனவா என்று திறந்து காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் சிகிச்சை பெறும் இடத்திலேயே ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள்.