கச்சான் காற்றும் 16 செக்கன் அலையும்: அறுகம்குடா நாட்குறிப்பு

ஜூன் 22

கெர்குலென் தீவுகளுக்குக் கிழக்கே நேற்று ஒரு தாழமுக்கம் பெருத்திருக்கிறது. ஏறத்தாழ 48 பாகை தென் அகலக்கோடு, நமக்கு நேர் தெற்கு. நாளைக்கு மழை வருமா என்று வரைபடம் பார்ப்பவர்கள் அவ்வளவு கீழே போவதில்லை. அலைச்சறுக்குக்காரர் முதலில் பார்க்கவேண்டிய இடம் அதுதான். மே முதல் செப்டம்பர் வரை அந்தக் கடலில் குளிர்காலம். ஒரு புயல் ஓய்வதற்குள் அடுத்தது கிளம்பிவிடும். இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கும் அறுகம்குடாவின் அலைச்சறுக்குப் பருவமே அந்தப் புயல்களை நம்பித்தான் இருக்கிறது. அவை அனுப்பும் அலையை இங்கே எல்லோரும் ஸ்வெல் என்றே சொல்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

எப்போது வந்து சேரும் என்பதற்குக் கணக்கு உண்டு. ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வர எத்தனை செக்கன் ஆகிறதோ, அதை 2.8 ஆல் பெருக்கினால் ஆழ்கடலில் அந்த அலைக்கூட்டம் மணிக்கு எத்தனை கிலோமீற்றர் நகர்கிறது என்று தெரிந்துவிடும். 16 செக்கன் என்றால் மணிக்கு 45 கிலோமீற்றர், நாளுக்கு 1,080. புயலுக்கும் நமக்கும் இடையே 6,000 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். 27ஆம் திகதியை நாட்காட்டியில் குறித்துவிட்டேன்.

இந்தக் கணக்கு என்னை இன்னும் பிரமிக்க வைக்கிறது. 1963இல் வால்டர் மங்க் என்ற கடலியலாளரும் அவரது குழுவும் நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா வரை அளவீட்டு நிலையங்களை அமைத்து, தென்கடல் புயல்களின் அலைகளைப் பசிபிக் முழுவதும் பின்தொடர்ந்தார்கள். அவ்வளவு தூரம் வந்தும் அந்த அலைகள் தம் ஆற்றலில் பெரும்பகுதியைக் கட்டிக்காத்தே வந்தன. அறுகம்குடாவின் உல்லைக் கடற்கரையில் நின்று கைபேசியில் நாள் குறிக்கும் ஒவ்வொருவரும் அந்த உழைப்புக்குக் கடன்பட்டவர்கள்.

ஜூன் 24

சென்னைக் கோவளத்திலிருந்து இரண்டு இளைஞர்கள் வந்திருக்கிறார்கள். நன்றாகச் சறுக்குகிறவர்கள். காலையில் முகம் வாடிப்போய் நின்றார்கள். “முன்னறிவிப்பில் 1.8 மீற்றர் என்று போட்டிருக்கிறதே அண்ணா, அலை எங்கே?”

உயரத்தை மட்டும் பார்த்தால் இங்கே இப்படித்தான் ஆகும். இன்றைய 1.8 மீற்றருக்கு இடைவெளி 9 செக்கன், திசை தென்மேற்கு. இங்கே எல்லோரும் முதலில் தேடிப் போகும் அலையிடமான மெயின் பொயின்ற் இருப்பதோ கிழக்குக் கரையில், குடாவின் தெற்கு முனையில். தென்மேற்கிலிருந்து வருகிற அலை தீவின் தென்கரையைச் சுற்றி வளைந்துதான் நம்மிடம் வரவேண்டும். வளைவதற்கு அலைக்குக் கடலடி தட்டுப்பட வேண்டும். தன் நீளத்தில் பாதி ஆழத்துக்கு வரும்போதுதான் அலை அடியை உணர ஆரம்பிக்கும். 9 செக்கன் அலையின் நீளம் ஏறத்தாழ 125 மீற்றர். 16 செக்கன் அலைக்கு 400 மீற்றர். முன்னது 60 மீற்றர் ஆழம் வரும்வரை எதையும் அறியாமல் நேரே போய்விடும். பின்னது 200 மீற்றர் ஆழத்திலேயே திரும்பத் தொடங்கிவிடும். அதனால் 1.2 மீற்றர், 16 செக்கன், நேர் தெற்கு என்று ஒரு வரி இருந்தால், இன்றைய 1.8ஐவிட அது பல மடங்கு மேல்.

முதலில் செக்கன், பிறகு திசை, கடைசியாக உயரம். அவர்களுக்கு இதைத்தான் சொன்னேன்.

ஜூன் 26

மதியத்துக்குப் பிறகு முனையின் பாறை மேல் கைக்கடிகாரத்துடன் உட்கார்ந்தேன். பார்த்தால் வெறும் கடல். ஆனால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை பாறை இடுக்குகளில் இருந்த நீர் முழுவதும் வடிந்து, பாசியும் கடல் முள்ளெலிகளும் வெளியே தெரிந்தன. பிறகு அவசரமே இல்லாமல் நீர் ஏறி அதே இடுக்கை விளிம்புவரை நிரப்பியது. முழங்கால் உயரம்கூட இல்லை. முகட்டுக்கு முகடு 19, 20 செக்கன்.

நீண்ட இடைவெளி அலைகள் வேகமானவை. கூட்டத்தை முந்திக்கொண்டு வருகின்றன. முன்னோடிகள் வந்துவிட்டன. இளைஞர்களை நேரத்தோடு தூங்கச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 27

விடியுமுன் கடற்கரையில் இருந்தேன். நங்கூரமிட்ட படகுகளின் மூக்கு எல்லாம் கரையைப் பார்த்து நின்றன. படகு காற்றை எதிர்கொண்டுதான் நிற்கும். மூக்கு கரைப்பக்கம் என்றால் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகிறது. கச்சான். மேற்குக் கரைக்கு மழையைக் கொட்டிவிட்டு, மலைநாட்டைத் தாண்டி வறண்டுபோய் இங்கே வருகிற அதே தென்மேற்குப் பருவக்காற்று. அங்கே கடலைக் குழப்பும் காற்று இங்கே அலையின் முகத்தைத் தடவி நிமிர்த்துகிறது. ஸ்வெல் வரும் மாதங்களும் கச்சான் வீசும் மாதங்களும் ஒன்றாக அமைந்ததுதான் இந்தக் குடாவின் அதிர்ஷ்டம்.

வலை உதறிக்கொண்டிருந்த காக்கா ஒருவரிடம் (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் அழைப்போம்) காற்று எப்படி என்று கேட்டேன். “பத்து மணிவரைக்கும் கச்சான் நிற்கும் தம்பி. பிறகு கடல்காற்று ஏறிவிடும்.” எந்தச் செயலியும் இவ்வளவு துல்லியமாக எனக்குச் சொன்னதில்லை.

மெயின் பொயின்றில் தலை உயரம், செட்டுக்கு, அதாவது அடுத்தடுத்து வரும் ஒரு தொகுதி அலைகளுக்கு, ஒன்றிரண்டு அதற்கும் மேல். முனையில் எழுந்து, பாறைத்திட்டின் மேல் வலப்பக்கமாக உரிந்துகொண்டே குடாவுக்குள் நீள்கிற அலை. முகடு விழும் கணத்தில் கச்சான் அதன் நுனியிலிருந்து தூவலைப் பிடுங்கிப் பின்னால் வீசுகிறது; அடுத்த அலைக்குக் காத்திருப்பவர் முகத்தில் அது உப்பு மழையாக விழுகிறது. கோவளத்துத் தம்பிகளில் இளையவன் ஒரு அலையைப் பிடித்துக் கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விட்டு, கரைவழியே ஓடி வந்தான். அவன் முகத்தைப் பார்க்கவே அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பத்தேகாலுக்குப் படகுகளின் மூக்கு ஒவ்வொன்றாகக் கடலை நோக்கித் திரும்பியது. பிளேன்ரீ குடிக்கக் கரையேறினோம்.

ஜூன் 28

அலை நேற்றுப் போலவே. ஆட்கள் இரண்டு பங்கு. வடக்கே பொத்துவில் பொயின்றுக்குப் போனோம். பாறைகளுக்கு அருகே தொடங்கி மணல்மேல் நீளமாக ஓடும் அலை. சிறிய ஸ்வெல்லில் அது எழுவதில்லை, இன்று நன்றாக எழுந்தது. வழியில் விஸ்கி பொயின்ற், பழகுகிறவர்களால் நிறைந்திருந்தது. அவர்களுக்கு அதைவிட நல்ல இடம் இந்தப் பக்கத்தில் இல்லை.

ஜூன் 30

இடைவெளி 12 செக்கனுக்கு இறங்கிவிட்டது. வேகம் குறைந்த அலைகள் கடைசியாக வருகின்றன. இந்த நிலையில் மெயின் பொயின்றில் காத்திருப்பது வீண். தெற்கே போகப் போகக் கரை திறந்த கடலுக்கு நேராக இருக்கும். பாணமையைத் தாண்டி உகந்தைக்குப் போனோம், 30 கிலோமீற்றருக்குக் கிட்ட. யானைப் பாதை என்பதால் நன்றாக வெளிச்சம் வந்த பிறகே ஓட்டோக்காரர் வண்டியை எடுத்தார். அந்தப் பொறுமை வேண்டும்.

உகந்தை முருகன் கோவில் வளவு முழுக்கக் கதிர்காமப் பாதயாத்திரை அடியார்கள். யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியிலிருந்தே நடந்து வந்தவர்களும் இருந்தார்கள். இங்கிருந்து குமண, யால காடுகளுக்குள் இறங்குகிறார்கள். பலகையைச் சுமந்து வந்த எங்களைப் பார்த்து ஒரு அம்மா, “கடலில் கவனம் மகன்” என்று சொல்லித் திருநீறு பூசிவிட்டார். கோவிலுக்கு அப்பால் மார்பளவு அலை, தண்ணீரில் எங்களைத் தவிர யாரும் இல்லை.

ஜூலை 2

கடல் படுத்துவிட்டது. இளைஞர்கள் ஊர் திரும்புகிறார்கள். மறுபடி எப்போது வரலாம் என்று கேட்டார்கள். ஓகஸ்ட் முழுக்க நல்லது, செப்டம்பரில் கூட்டம் குறையும். நவம்பரில் இங்கே வந்து பயனில்லை: வடகிழக்குப் பருவக்காற்றான வாடை நேரே கரையில் அடிக்கும், மழையும் சேர்ந்துகொள்ளும். அப்போது தீவின் மறுபக்கம் போகவேண்டும். வெலிகம, மிதிகம, ஹிக்கடுவ எல்லாம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. இங்கே அலையைக் குலைக்கும் அதே வாடை அங்கே நிலத்திலிருந்து கடலுக்கு வீசும்.

ஜூலை 3

நேற்று இன்னொரு தாழமுக்கம் கிளம்பியிருக்கிறது. இம்முறை மேற்கே தள்ளி, தென்னாபிரிக்காவுக்குத் தென்கிழக்கே. தூரம் 7,400 கிலோமீற்றர். 16 செக்கன் அலை என்றால் 9ஆம் திகதி. ஆனால் 215 பாகைத் திசையிலிருந்து, அதாவது தென்மேற்கிலிருந்து வருகிறது, தென்கரை அதில் ஒரு பங்கை மறைத்துவிடும். மெயின் பொயின்றை நம்பவேண்டாம். தெற்கே இருக்கும் பீனட் ஃபாம் என்ற அலையிடம், இல்லையென்றால் மறுபடி உகந்தை. ஓட்டோக்காரரிடம் 9ஆம் திகதிக்குச் சொல்லிவைத்துவிட்டேன்.