ஆண்டர்சன் தெருவில் ஐந்து சீலம்

பிப்ரவரி 3, 2025, திங்கள்

தை முகூர்த்தம். கல்யாணப் பத்திரிகைக் கடையில் மூச்சு விட நேரமில்லை. திருமுடிவாக்கம் விபாசனா தியான முகாம் முடிந்த கையோடு கல்லாவில் உட்கார்ந்தாயிற்று. “என்ன சார், முகமே தெளிஞ்சிருக்கு” என்றார் பைண்டிங்காரர். தெளியாமல்? முகாமில் ஒன்பது நாள் ஆரிய மௌனம். பேச்சே இல்லாத இடத்தில் பொய் எங்கிருந்து வரும்? கொல்லாமை, திருடாமை, பிரம்மச்சரியம், பொய்யாமை, கள்ளுண்ணாமை என்று ஐந்து சீலமும் எடுத்த பிறகுதான் மூச்சையே கவனிக்கச் சொல்கிறார்கள். அங்கே அதைக் காப்பது பெரிய வித்தையில்லை. செல்போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள். சாப்பாடு பழைய மாணவர்களின் தானத்தில் வருகிறது. இங்கே கடை திறந்து அரை மணிகூட ஆகவில்லை, “அண்ணே, பில் இல்லாம போட்டா எவ்ளோ?”

பிப்ரவரி 5, புதன்

விடியற்காலை உட்கார்ந்தேன். கால் மரத்தது. வேறு விசேஷமில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

புதிதாக வந்த அட்டையைக் கட்டைவிரலால் தேய்த்தேன். லேபிளில் 300 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம். விரல் இல்லை என்றது. வட்டக் கட்டரை எடுத்து அழுத்தித் திருப்பினேன். அது வெட்டுவது சரியாக 100 சதுர சென்டிமீட்டர். அந்த வில்லையின் எடையை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம். தராசில் 2.8 கிராம். வேறு பண்டலிலும் அதேதான். கல்யாணப் பத்திரிகை வாங்க வருகிறவர் யாரும் தராசு கொண்டு வருவதில்லை.

பக்கத்துக் கடை சேட்டிடம் காட்டினேன். இங்கேயே பிறந்து வளர்ந்த ஜெயின். தினமும் கடைக்கு வருமுன் சாமாயிகம் என்ற தியானம்: ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம், அசையாமல். “எங்க திருடாமை விரதத்துல இது தனியா இருக்கு சார். கள்ள எடை, கள்ள அளவு, மட்டமானதை நல்லதுன்னு கொடுக்கறது, எல்லாமே விரதத்துக்குக் குறைதான்” என்றார். ஆச்சரியமாக இருந்தது. இல்லறத்தாருக்கு விரதம் எழுதியவர்கள் தராசு வரை யோசித்திருக்கிறார்கள். “அந்த 48 நிமிஷம் ஒண்ணுமில்ல சார், எழுந்தப்புறம்தான் பரீட்சை.”

அமைதி கிடைக்கும் என்று தியானத்துக்கு ஆள் சேர்க்கிறார்கள். எனக்கு வந்தது கவனம். கவனம் வந்துவிட்டால் 280-ஐ 300 என்று சொல்ல நாக்கு புரளாது. நிம்மதி போனதுதான் மிச்சம்.

முதலாளியிடம் சொன்னேன். “சப்ளையரைக் கேக்கறேன்” என்றார். கேட்பார் என்று தோன்றவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய், தைப்பூசம்

கடை விடுமுறை. கந்தகோட்டத்தில் கால் வைக்க இடமில்லை. வள்ளலார் தெய்வமணிமாலை பாடியது இந்தக் கந்தவேளைத்தான். ‘ஒருமையுடன் நினது திருமலரடி நினைக்கின்ற’ என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பித்ததுதான். வரிசையில் நிற்கும்போது அதன் அடுக்கு கண்ணில் பட்டது. முதலில் ஒருமையோடு நினைப்பவர் உறவு. அடுத்த வரியிலேயே, உள்ளொன்று வைத்துப் புறம்பொன்று பேசுவார் உறவு கூடாது. கொஞ்சம் தள்ளி, பொய்ம்மை பேசாதிருக்க வேண்டும். தியானம் ஒரு பக்கம், நாணயம் இன்னொரு பக்கம் என்று அவர் பிரிக்கவேயில்லை.

ஏழுகிணறு பக்கம் அவர் வாழ்ந்த வீட்டுக்கும் போய் வந்தேன். இன்றைக்கு வடலூரில் ஏழு திரை விலக்கி ஜோதி காட்டுவார்கள். எனக்கென்னவோ, 1867-இல் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்னும் அணையாமல் சோறு பொங்குகிறதே, அதுதான் பெரிதாகப் படுகிறது. சீவகாருண்யமே மோட்ச வீட்டின் திறவுகோல் என்றவர் அடுப்பைத்தானே முதலில் மூட்டினார்? சத்திய ஞானசபை கட்டியது அதற்குப் பிறகு.

பிப்ரவரி 13, வியாழன்

பெண்ணின் அப்பா ஒருவர் அந்த அட்டையையே எடுத்தார். “இது 280 சார், லேபிளைப் பாக்காதீங்க” என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எதிர்க் கடையில இதே விலைக்கு 300-ன்னு சொன்னாங்களே!” போய்விட்டார்.

முதலாளி கேட்டுக்கொண்டுதான் இருந்தார். “உன் சீலத்துக்கு ஜிஎஸ்டி எத்தனை பர்சென்ட்?” சிரித்துவிட்டேன், அவரும்தான்.

சாயங்காலம் மார்க்கரால் லேபிள்களை அடித்து 280 என்று எழுதினேன். விலையை எவ்வளவு குறைப்பது என்று நாளைக்குச் சொல்கிறாராம்.