சர்க்கரை எலிக்கு எத்தனை பாட்டில் தண்ணீர்

ஜூன் 3, 2025, செவ்வாய்

எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வந்துவிட்டது. அடுத்த மாதம் ஆய்வைத் தொடங்கலாம். ஒரு மூலிகைச் சாறு ரத்தச் சர்க்கரையைக் குறைக்கிறதா என்று விஸ்டார் என்கிற ஆய்வுக்கூட எலி இனத்தில் பார்க்கப் போகிறேன், இங்கே பார்மசி கல்லூரிகளில் நிறையப் பேர் செய்யும் ஆய்வுதான். ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி போட்டால் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் அழிந்து, சில நாளில் எலிக்குச் சர்க்கரை ஏறிவிடும். அப்புறம் மருந்து கொடுத்துப் பார்ப்பது.

விண்ணப்பத்தில் ஊசியின் அளவு, ரத்தம் எடுக்கும் முறை, மயக்க மருந்து, கடைசியில் எப்படிக் கொல்வது என்று பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருந்தது. எலி எப்படி இருக்கும் என்பதற்கு மட்டும் சீனியர்கள் காலம்காலமாக எழுதி வரும் அதே ஒரு வரி: பாலிபுரொப்பிலீன் கூண்டு, உமிப் படுக்கை, 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு, தீவனம், தண்ணீர். ஊசி குத்துவது சில விநாடி வேலை. மீதி நேரமெல்லாம் அந்த உயிர் கூண்டுக்குள்தானே இருக்கிறது? ஆய்வு தொடங்கும் வரை, ஆய்வு விலங்குகளை வைத்திருக்கும் அனிமல் ஹவுஸில் போய் உட்கார்ந்து பார்க்கலாம் என்றிருக்கிறேன். பார்ப்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

கத்திரி முடிந்தும் வெயில் குறையவில்லை, வெளியே நிற்க முடியவில்லை. அனிமல் ஹவுஸுக்குள் ஏசி 22-இல் ஓடுகிறது, நமக்குச் சொர்க்கம். ஆனால் எலிகளோடு இங்கே இருக்கும் சுண்டெலிகளுக்கு அது குளிர். உடம்புச் சூட்டைக் காப்பாற்றத் தனியாகச் சக்தி செலவழிக்காமல் இருக்கச் சுண்டெலிக்கு 30 டிகிரி வாக்கில் வேண்டும். முப்பது கிராம்கூடத் தேறாத உடம்பு, சூடு நிற்பதே இல்லை. அரசு வழிகாட்டி நெறி 18 முதல் 29 டிகிரி வரை அனுமதிக்கிறது, அதனால் 22 என்பது விதிப்படி சரிதான். அறையைச் சூடாக்கினால் கவுனும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு யாராலும் வேலை செய்ய முடியாது, மூத்திரத்திலிருந்து அம்மோனியா நெடியும் ஏறும்.

செய்யக்கூடியது, அதுவே சூடு பண்ணிக்கொள்ள ஏதாவது கொடுப்பது. கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் டிஷ்யூ தாளை ஆட்டோகிளேவ் செய்து, அதாவது சூடான நீராவியில் கிருமி நீக்கி, எடுத்து வந்தார், கூண்டுக்கு ஒன்றிரண்டு போட்டோம். ஒரு பெண் சுண்டெலி வந்து மோந்து பார்த்தது, தாளின் ஓரத்தைப் பல்லில் கவ்விப் பின்பக்கமாகவே நடந்து மூலைக்கு இழுத்துப் போனது, முன்கால்களால் பிடித்துக்கொண்டு நீளவாக்கில் கிழித்தது, கிழித்ததை வாயால் இழுத்து இழுத்துச் சிக்கலாக்கியது. நடுவில் புகுந்து சுற்றிச் சுற்றி வந்து, சுவர் மாதிரி ஒரு வளையம் எழும்பியதும் மற்றவையும் உள்ளே போய் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்துக்கொண்டன. யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எத்தனையோ தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்த ஸ்விஸ் அல்பினோ என்கிற இந்த வெள்ளைச் சுண்டெலிக்குள்ளும் அந்த வேலை அப்படியே இருக்கிறது, நாம்தான் அதற்குத் தாள் கொடுக்காமல் வைத்திருக்கிறோம். இது எனக்கு ரொம்பவே உறுத்துகிறது.

ஜூன் 8, ஞாயிறு

இன்றைக்குப் பார்த்ததை மறக்க முடியாது. வேறொருவருடைய ஆய்வில், ஏற்கெனவே சர்க்கரை ஏற்றிய எலிகள் இருக்கும் ரேக். மத்தியானம் போனபோது பாதிக்கு மேல் பாட்டில்கள் காலி. ஒரு கூண்டில் மூன்று எலி, ஒன்று பின்னங்காலில் நின்று காலி பாட்டிலின் குழாயை நக்கிக்கொண்டே இருந்தது, குழாய் முனையில் இருக்கும் உருண்டை உருளும் சத்தம் மட்டும் கேட்டது. கீழே உமி மொத்தமும் நனைந்து கட்டியாக இருந்தது, வயிற்று முடி மஞ்சளாக ஒட்டிக் கிடந்தது.

200 கிராம் எலி நாளுக்கு ஏறக்குறைய 20 மில்லி தண்ணீர் குடிக்கும். சர்க்கரை ஏறிய எலி 100 மில்லிக்கு மேலேயே குடிக்கும், அத்தனையும் மூத்திரமாகப் போகும். அதே கூண்டு, அதே ஒரு பாட்டில், வாரத்தில் இரண்டு நாள் உமி மாற்றுவது என்கிற கணக்கு, நல்ல எலிக்குப் போட்டது. அண்ணனைக் கேட்டேன். “சுகர் எலி குடிச்சிக்கிட்டே இருக்கும்மா. சனிக்கிழமை சாயங்காலம் ரொப்பி வெச்சா மறுநாள் மத்தியானத்துக்குள்ள காலி. லீவு நாள்ல நான் வந்தா கேட்லயே திருப்பி அனுப்பிடுறாங்க.” இதை அவர் பல தடவை சொல்லியிருக்கிறார். எழுத்தில் சொல்லவில்லையாம், அதனால் யாரும் கேட்கவில்லை.

தாகத்தில் கிடக்கும் எலியின் ரத்தத்தில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் யூரியாவும் கிரியாட்டினினும் தானாகவே ஏறும். அதை வைத்து மருந்து சிறுநீரகத்தைக் காத்தது, காக்கவில்லை என்று எழுதினால் அந்த எலி பட்டதெல்லாம் வீண்.

ஜூன் 11, புதன்

சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்கத்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் ஜேன் ஹர்ஸ்ட்டும் ரெபெக்கா வெஸ்ட்டும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று: வாலைப் பிடிக்காமல் ஒரு குழாய்க்குள் நுழையவிட்டோ உள்ளங்கையில் ஏந்தியோ தூக்கினால் பதற்றம் குறைகிறது, தானாகவே கைக்குப் பக்கத்தில் வருகிறது. ஹார்டுவேர் கடையில் பிவிசி குழாய் வாங்கித் துண்டாக அறுத்து, ஓரத்தைத் தேய்த்து மழமழப்பாக்கிக் கொண்டுபோனேன். அண்ணன் பார்த்துச் சிரித்தார். அவர் எப்போதுமே இரண்டு கையையும் குவித்து அள்ளித்தான் எடுக்கிறார். அவர் எடுத்தால் கடிப்பதில்லை, மூத்திரம் போவதில்லை. எங்களுக்கு வகுப்பு எடுக்க வேண்டியவர் அவர்தான்.

ஜூன் 13, வெள்ளி

சட்டத்தைப் படித்தேன். ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து, அரசே ஒன்று கொண்டுவரும் என்று நேரு சொன்ன பிறகு அதைத் திரும்பப் பெற்று, கடைசியில் 1960-இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 17-ஆவது பிரிவில், சோதனைக்கு உரிய விலங்குகளைச் சோதனைக்கு முன்னும் பின்னும் சரியாகப் பராமரிக்க வேண்டும் என்று தெளிவாகவே இருக்கிறது. முன்னும் பின்னும் என்றால் ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்துத்தான்.

ஜூன் 19, வியாழன்

கமிட்டியில் இருக்கும் கால்நடை மருத்துவரிடம் படங்களோடு கடிதம் கொடுத்தேன். அண்ணனும் கையெழுத்துப் போட்டார், அவர் பெயரைத்தான் முதலில் போட்டேன். டாக்டர் நேரில் வந்து பார்த்துவிட்டு அதிகம் பேசவில்லை. சர்க்கரை எலிக் கூண்டுகளுக்கு இரண்டு பாட்டில், தினமும் உமி மாற்றுவது, விடுமுறையிலும் காலை மாலை ஆள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். விடுமுறை வேலைக்கு அண்ணனுக்குத் தனிச் சம்பளம் உண்டா என்று கேட்டேன், அலுவலகம் “பார்க்கலாம்” என்கிறது. விடப்போவதில்லை.

என் எலிகளையும் கடைசியில் கொல்லத்தான் வேண்டும், கணையத் திசுவைப் பார்க்க வேறு வழி என்னிடம் இல்லை. அதை நினைத்தால் மனசு ஆறவில்லை. அதற்காகக் கூண்டு ஈரமாக இருக்கலாம் என்று ஆகிவிடாது. என் பிரிவுக்கு உமி மூட்டை கூடுதலாகச் சொல்லியாயிற்று, பாட்டில்கள் திங்கட்கிழமை வருகின்றன. இரவு விளக்கை நேரத்துக்கு அணைக்கும் டைமர் வேலை செய்யவில்லை, எலக்ட்ரீஷியனுக்கு நாளைக்குப் போன் செய்ய வேண்டும்.