பெரியவர்களுக்குத் துணி டயப்பர்: மலம் கட்டுப்படாதபோது

சிறுநீர்க் கசிவுக்கென்று வாங்கிய துணி டயப்பரையே மலத்துக்கும் கட்டிப் பார்த்துவிட்டு, ‘இது சரிப்பட்டு வராது’ என்று பரணில் போட்ட வீடுகள் பல. சிறுநீருக்குத் துணி உறிஞ்ச வேண்டும். மலத்துக்கு வேலையே வேறு. வந்ததை ஓரிடத்தில் நிறுத்த வேண்டும், தொடை வழியாகவோ முதுகுப் பக்கமாகவோ ஏறவிடக் கூடாது, மாற்றும்போது தோலைத் தேய்க்காமல் கழன்று வர வேண்டும். இதற்குத் துணியின் கனம் உதவாது. கனமாகக் கட்டக் கட்டத் தொடையிடுக்கில் இடைவெளிதான் பெரிதாகும். எங்கள் வீட்டில் இப்போது ஓடும் ஏற்பாட்டை இந்தக் கணக்கை வைத்துத்தான் எழுதுகிறோம்.

துணி வாங்குமுன் மலம் எந்தப் பதத்தில் போகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். பதத்தை ஏழு வகையாகப் பிரிக்கும் பிரிஸ்டல் அட்டவணை மருத்துவர்களிடம் இருக்கும். அதில் 3, 4 வகையென்றால் துணி சுலபம். 5 என்றால் சமாளிக்கலாம். 6, 7 என்று நீராகப் போனால் எந்தத் துணியும் தோற்கும், முதலில் காரணத்தைத் தேட வேண்டும். சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின், ஆன்டிபயாடிக், மலச்சிக்கலுக்குக் கொடுத்து அளவு கூடிப்போன லாக்டுலோஸ், சிலருக்குப் பால், ‘சுகர் ஃப்ரீ’ இனிப்புகள் என்று வயிற்றை இளக்குபவை பல உண்டு. மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

இன்னொன்று பலருக்கும் தெரியாமல் போகிறது. நாலைந்து நாளாகக் கெட்டியாக எதுவும் வராமல், வயிறு உப்பி, தண்ணீராக மட்டும் கசிந்தால் அது பேதியாக இல்லாமல் இருக்கலாம். உள்ளே இறுகிய மலத்தைச் சுற்றிக்கொண்டு வழியும் நீர் அது. அதற்குப் பேதி நிறுத்தும் லோபரமைடு கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும். மருத்துவர் ஆசனவாயில் விரல்விட்டுப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இளக்கமான பதத்தைச் சற்றுத் திரட்ட இசப்கோல் உமி நன்றாக உதவும். ஒரு டீஸ்பூனில் தொடங்கி ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்தவுடன் குடிக்க வேண்டும். பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படுபவருக்கு மருத்துவரைக் கேட்காமல் இதைக் கொடுக்காதீர்கள். ஊறி வீங்கித் தொண்டையில் அடைக்கும்.

சாப்பிட்டதும் பெருங்குடல் அசையத் தொடங்குவது உடம்பின் இயல்பு, அதுவும் காலையில்தான் வேகம் அதிகம். காபி அதை இன்னும் தூண்டும். உட்காரக்கூடியவரானால் காலைச் சாப்பாடு முடிந்து 20, 30 நிமிடத்துக்குள் கழிப்பறையிலோ கமோடு நாற்காலியிலோ உட்காரவையுங்கள். இந்த ஒரு பழக்கத்தால் நாளில் ஒரு டயப்பராவது மிச்சமாகும். படுக்கையிலேயே இருப்பவருக்கும் அந்த நேரத்தில்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கட்டுவதற்கு மூன்று அடுக்கு போதும். வெளியே பி.யு.எல். கவர், அதாவது உட்புறம் நீர்புகாப் படலம் ஒட்டிய மெல்லிய துணி. நடுவில் உறிஞ்சும் துணி. தோலை ஒட்டி லைனர், அதாவது மலத்தை முதலில் வாங்கும் மெல்லிய துணி.

கவரில் பணம் செலவழிப்பது தப்பில்லை. ஓர எலாஸ்டிக் தவிர, உள்ளே இரண்டாவது எலாஸ்டிக் மடிப்பும் உள்ளதைப் பார்த்து வாங்குங்கள். மலத்தை நிறுத்துவது அந்த உள்மடிப்புதான். படுத்திருப்பவருக்கு இருபக்கமும் திறக்கும் வெல்க்ரோ அல்லது டிச் பட்டன் வகை வேண்டும். ஜட்டிபோல் மாட்டும் வகையை மலத்தோடு கால் வழியே உருவ வேண்டியிருக்கும். அந்த வேலை யாருக்கும் வேண்டாம். இடுப்புச் சுற்றளவையும் புட்டத்தின் அகலமான இடத்தின் சுற்றளவையும் அளந்து, பெரியதற்கு எடுங்கள். முதலில் இரண்டு வாங்கிப் பார்த்துவிட்டு மற்றதை வாங்கலாம்.

உறிஞ்சும் துணிக்கு ஈரிழைத் துண்டை மிஞ்சியது எங்களுக்குக் கிடைக்கவில்லை. 30க்கு 60 அங்குலத் துண்டின் நீளத்தைப் பாதியாக மடித்து, பிறகு அகலத்தை மூன்றாக மடித்தால் ஆறு அடுக்கில் சுமார் 25 சென்டிமீட்டர் அகலம், 75 சென்டிமீட்டர் நீளம் வரும். பெரும்பாலானவர்களுக்கு முன்வயிற்றிலிருந்து பின்னிடுப்புவரை எட்டும். துவைத்து விரித்தால் ஒற்றை அடுக்கு, சீக்கிரம் காயும். தைத்துக் கனமாக வரும் இன்செர்ட்டுகள் கட்டச் சுலபம், காயத்தான் மாட்டா. மைக்ரோஃபைபர் வகையை நேரடியாகத் தோலில் படும்படி வைக்காதீர்கள், வறட்டிவிடும்.

லைனருக்குப் பழைய வேட்டி. நாலு முழ வேட்டி ஒன்றில் கரையை நீக்கிவிட்டு 25க்கு 50 சென்டிமீட்டராக வெட்டினால் பதினாறு துண்டு கிடைக்கும். ஓரம் அடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மெஷினில் நூல் பிரிந்து சிண்டாகும். மலத்தில் பெரும்பங்கு இந்த லைனரோடு வந்துவிடும், கீழே உள்ள துண்டு தப்பிக்கும்.

கட்டும்போது கவரின் எலாஸ்டிக் தொடைமேல் இல்லாமல் தொடையிடுக்கின் மடிப்பிலேயே உட்கார வேண்டும். ஒரு விரல் நுழையும் அளவு இறுக்கம் போதும். துண்டோ லைனரோ கவருக்கு வெளியே ஒரு நூலிழை நீட்டிக்கொண்டிருந்தாலும் ஈரம் அதன்வழி படுக்கைக்கு இறங்கும், ஆகவே சுற்றிலும் விரலால் தள்ளிவிட்டுச் சரிபாருங்கள். மல்லாந்து படுப்பவருக்கு முதுகுப் பக்கம் ஏறும். துண்டின் பின்நுனியை 5 சென்டிமீட்டர் தோல்பக்கமாகச் சுருட்டி மடித்தால் அது வரப்புபோல நிற்கும். உட்கார்ந்தே இருப்பவருக்கு உடல் கனத்தில் அமுங்கி முன்பக்கம் போகும். பெண்களுக்கு இதனால் சிறுநீர்த் தொற்று வரலாம், அவர்களுக்கு உட்கார்ந்த நேரத்தில் இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

சிறுநீர் மட்டுமென்றால் மூன்று நான்கு மணி நேரத்துக்கொருமுறை மாற்றலாம். மலம் போனால் உடனே. மலத்தில் உள்ள செரிமான நொதிகள் தோலை அரிக்கின்றன. சிறுநீரும் சேர்ந்தால் காரத்தன்மை கூடி அவற்றின் வேகமும் கூடும். அதனால்தான் இரண்டும் கலந்து கிடந்த இடம் சீக்கிரம் புண்ணாகிறது. வெதுவெதுப்பான நீரில் நனைத்த மென்துணியால் முன்னிருந்து பின்னாகத் துடைத்து, ஒற்றி எடுங்கள். காய்ந்து ஒட்டியிருந்தால் சுரண்டாமல் தேங்காய் எண்ணெய் தடவிச் சற்று ஊறவிடுங்கள். சாதாரணக் கட்டிச் சோப்பு வேண்டாம். அதன் பி.எச்., அதாவது அமில காரத்தைக் காட்டும் அளவு, 9, 10 என்று காரமாக இருக்கும், தோலுக்கு ஏற்றது 5.5 அளவு. டெட்டால் கலந்த நீரும் பவுடரும் வேண்டாம். பவுடர் ஈரத்தில் கட்டிதட்டி மடிப்புகளில் உரசும்.

ஈரம் முழுக்கப் போனதும் சிங்க் ஆக்சைடு கிரீம் மெல்லிய பூச்சாகப் போதும். அடுத்தமுறை அதை முழுதும் தேய்த்து எடுக்க வேண்டாம், அழுக்குப்பட்ட மேல்பூச்சை மட்டும் துடைத்துப் புதிதாகப் பூசுங்கள். சிவந்த திட்டைச் சுற்றிக் குருணைபோலச் சின்னப் புள்ளிகள் கிளம்பினால் பெரும்பாலும் பூஞ்சை. அதற்குத் தனி மருந்து வேண்டும்.

துவைப்பதில்தான் பாதிப் பேர் கைவிடுகிறார்கள். முதல் நீர் குளிர்ந்ததாகவே இருக்கட்டும், சுடுநீர் பட்டால் கறை இறுகிவிடும். கையுறை போட்டுக்கொண்டு, லைனரைக் கழிப்பறைக் கோப்பைக்குள் தாழ்வாகப் பிடித்து, ஹெல்த் ஃபாசெட்டை மேலிருந்து கீழாக அடியுங்கள். எதிரே அடித்தால் முகத்தில் தெறிக்கும். பிறகு மூடியுள்ள வாளியில், தண்ணீர் ஊற்றாமல் போடுங்கள். ஊறப்போட்டால் நாற்றம் கூடும், துணி நைந்துபோகும். இரண்டு நாளுக்கு மேல் வாளியில் கிடக்கக் கூடாது.

மெஷினில் முதலில் குளிர்நீரில் கொஞ்சம் சலவைப் பவுடரோடு ஒரு சின்ன ஓட்டம். பிறகு 60 டிகிரியில் முழு அளவுப் பவுடரோடு பெரிய ஓட்டம். கவர்களுக்கு அதன் சீட்டில் எழுதிய சூட்டைத் தாண்டாதீர்கள். டிரம்மில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் திணித்தால் துணி புரளாது. கம்ஃபர்ட் போன்ற மென்மையூட்டி அறவே வேண்டாம். துணிமேல் பூச்சாகப் படிந்து உறிஞ்சவிடாது. கிரீம் பட்ட லைனருக்கும் இதே கேடு வரும், அவற்றைத் தனியாகத் துவையுங்கள்.

போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் துண்டு அட்டைபோல் விறைக்கும், நனைந்தவுடன் அமோனியா நெடி அடிக்கும். உள்ளே பவுடரும் உப்பும் தங்கிவிட்டதன் அடையாளம் அது. இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடா சேர்த்துத் துவைத்து, ஒருமுறை கூடுதலாக அலசுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் வெள்ளைப் பருத்தியை மட்டும் இருபது நிமிடம் கொதிக்கவிடலாம். உவர்மண் போட்டு வெள்ளாவி வைத்த வண்ணார்கள் செய்ததும் இந்தக் காரமும் சூடும்தான்.

பிளீச் தினமும் வேண்டாம். தொற்றுப் பேதியின்போது, அலசி முடித்த வெள்ளைப் பருத்திக்கு மட்டும், 5 சதவீதப் பிளீச்சை லிட்டருக்கு 20 மில்லி கலந்து பத்து நிமிடம் ஊறவைக்கலாம். எலாஸ்டிக்கும் கவரும் அதில் கெட்டுப்போகும். சிறுநீர் ஊறிய துணியில் நேரடியாக ஊற்றினாலும், கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டோடு கலந்தாலும் நச்சுவாயு வரும்.

மிச்ச மஞ்சள் கறையை வெயில் எடுத்துவிடும். கவரை மட்டும் நிழலில் உலர்த்துங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பருத்தித் துண்டுகளைக் கொடியில் பாதி உலரவிட்டு, இஸ்திரி போட்டு முடித்துக்கொள்ளலாம்.

நாளுக்கு ஆறு மாற்றம், இரண்டு நாளுக்கொரு துவையல், காய ஒரு நாள் என்றால் துண்டு 18, கவர் 6, லைனர் 30 கையில் இருக்க வேண்டும். படுக்கைக்கு இரண்டு ரப்பர் ஷீட். வெளியே போக ஜிப் வைத்த நீர்புகாப் பை.

நீர்ப்பேதி நாளிலும், மருத்துவமனைக்குப் போகும்போதும், இரவில் எழுப்பி மாற்ற ஆளில்லாதபோதும் கடை டயப்பரையே கட்டுங்கள். அதில் வீம்பு எதற்கு? கழற்றியதைக் காகிதத்தில் இறுகச் சுற்றிச் சுகாதாரக் கழிவு என்று தெரியும்படி தனியே கொடுக்க வேண்டும், சமையல் கழிவோடு சேர்க்கக் கூடாது. கறுத்துத் தார்போல மலம் போய், இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பிடவில்லையென்றால் துணியை அலசிவிடாமல் மருத்துவரிடம் காட்ட எடுத்துவையுங்கள். அன்றே போங்கள்.